கொட்டாஞ்சேனையில் ஒரு தீ ஒத்திகை

ஒரு கந்தோருக்கு நெருப்பால் வரும் ஆபத்தைவிட, பயிற்சி நெறி ஒன்றை முடித்துச் சான்றிதழோடு திரும்பி வரும் ஆளால் வரும் ஆபத்து பெரிது. நெருப்பு ஒரு நாளில் அணைந்துவிடும். சான்றிதழ்க்காரர் ஓய்வு பெறும்வரை எரிந்துகொண்டிருப்பார். எனக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்க வேண்டாம். சான்றிதழ் இன்னும் என் அலுமாரியில்தான் இருக்கிறது.

அது கொழும்பில் போர்க்காலம். எனக்கு இன்னும் முப்பது வயதாகவில்லை. வெள்ளவத்தையில் ஓர் அறை, கொட்டாஞ்சேனையில் ஒரு கந்தோர் வேலை. கப்பலில் வரும் சரக்கைத் துறைமுகத்திலிருந்து எடுத்து உரியவரிடம் சேர்க்கும் கம்பனி அது. நான் நிர்வாக உத்தியோகத்தர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. நிர்வகிக்க அங்கே பெரிதாக ஒன்றும் இருக்கவுமில்லை. எல்லோரும் காலையில் வந்து அவரவர் வேலையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஆகவே நான் எண்ணினேன். ஆட்கள் முப்பத்தெட்டு. கதிரைகள் நாற்பத்தொன்று. (அவற்றில் ஒன்றுக்கு மூன்று கால். அதையும் கதிரையாகவே கணக்கெடுத்தேன்.) கதவுகள் இரண்டு.

நகரத்தில் எங்கோ குண்டு வெடித்ததும் பணிப்பாளருக்குப் பயம் பிடித்துவிட்டது. கொள்ளுப்பிட்டியில் ஒரு ஹோட்டலில் நடந்த 'அவசரகால முகாமைத்துவம்' என்ற பயிற்சி நெறிக்கு என்னை அனுப்பினார். வெளிநாட்டில் படித்த ஒருவர் திரையில் படம் போட்டுக் காட்டினார். கட்டடம் தீப்பிடிக்கிறது. கோட்டுப் போட்ட மனிதர்கள் நிதானமாக நடந்து வந்து பச்சைப் புல்லில் வரிசையாக நிற்கிறார்கள். அந்தப் புல்லைக் கண்டபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். கொட்டாஞ்சேனையில் எங்கள் கந்தோருக்கு முன்னால் இருந்தது பஸ் ஓடும் வீதி. அதைத் தாண்டினால் சந்தி. சந்தியில் மணல் மூட்டை அடுக்கிய காவலரண்.

நான் சந்தேகப்படவில்லை. விசில் ஒன்றும் கைக்குச் சிவப்புப் பட்டி ஒன்றும் வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தேன்.

"ஒத்திகை நல்லா நடந்தால் உம்மை நிரந்தரமாக்கலாம்," என்றார் பணிப்பாளர். தலைமைக் கந்தோரிலிருந்து ஒருவர் வந்து பார்ப்பதாகவும் ஏற்பாடாயிற்று.

எல்லோரையும் கூட்டி விதிகளை வாசித்தேன். மேலதிகாரிக்கு யார் அறிவிப்பது, அவர் யாருக்கு அறிவிப்பது என்று அம்புக்குறி போட்டு வரைபடம் கீறி ஒட்டினேன். வாசலில் மூன்று மொழியிலும் ஒரு பலகை மாட்டினேன்: 'வெளியேறியபின் எவரும் மீண்டும் உள்ளே செல்லக் கூடாது.' மிக முக்கியமான விதியைக் கடைசிக்கு வைத்திருந்தேன். வெளியேறும்போது ஒரு பொருளும் எடுக்கக் கூடாது. உயிர் மட்டும்.

ரெலிபோன் போர்டில் இருந்த பிலோமினா கையை உயர்த்தினாள். கொட்டாஞ்சேனைப் பெண். ஒரே மூச்சில் மூன்று மொழி பேசுவாள்.

"சேர், ஹேண்ட்பேக் எடுக்கலாம்தானே?"

"கூடாது."

"ஐ.சி. அதுக்குள்ளதான் சேர் இருக்கு."

"நெருப்பு ஐ.சி. கேக்காது, பிலோமினா."

சொன்னதும் எனக்கே அந்த வசனம் பிடித்துவிட்டது. சிரிப்பை எதிர்பார்த்துச் சுற்றிப் பார்த்தேன். துறைமுக வேலைகளைப் பார்த்த நசீர் நானா மட்டும் மெல்லச் சொன்னார்:

"நெருப்பு கேக்காது சேர். ரோட்டுல நிக்கிறவன் கேப்பானே."

"இது ஒத்திகை, நசீர். விளையாட்டில்லை."

"அதுதான் சேர் நானும் சொல்றன்."

இதில் கேவலம் என்னவென்றால், அடையாள அட்டையின் அருமை தெரியாதவன் அல்ல நான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் தங்கியிருந்த இளைஞன். குளிக்கப் போகும்போதும் அதைச் சவர்க்காரப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் குளித்தவன். ஆனால் சான்றிதழ் ஒருவனுக்குக் கொடுக்கும் துணிச்சல் சாதாரணமானதல்ல. ஒத்திகை நாள் காலையில் எல்லோரும் பார்க்க, என் அடையாள அட்டையையும் பேனையையும் மணிக்கூட்டையும் மேசை லாச்சியில் வைத்துப் பூட்டினேன். இப்படித்தான் முன்மாதிரி காட்ட வேண்டும் என்று அந்த வெளிநாட்டுப் படிப்புக்காரர் சொல்லியிருந்தார்.

பத்து மணிக்கு விசிலை ஊதினேன்.

எல்லோரும் இறங்கினார்கள். மிக அழகாக இறங்கினார்கள். பெண்கள் எல்லோருடைய தோளிலும் கைப்பை தொங்கியது. ஆண்கள் எல்லோரும் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். என் விதியை ஒருவரும் ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை. அதைக் கவனிக்க எனக்கு நேரமில்லை. நான் வீதிக்கு வந்து இன்னும் பலமாக ஊதினேன். அதற்குப் பிறகு நடந்தவை பயிற்சிப் படத்தில் இல்லாதவை.

போர்க்காலத்துக் கொழும்பில் ஒரு கட்டடத்திலிருந்து விசில் சத்தத்தோடு முப்பது நாற்பது பேர் விரைந்து வெளியே வந்தால், பார்ப்பவர் என்ன நினைப்பார்? எதிரே புடவைக்கடைக்காரர் கதவை இழுத்து மூடினார். பக்கத்துப் பேக்கரிக்காரர் பணிஸ் தட்டைத் தலையில் வைத்தபடியே ஓடினார். பஸ்ஸிலிருந்து ஆட்கள் குதித்தார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த வீதி முழுவதையும் நான் காலி செய்துவிட்டேன். என் வாழ்நாளில் நான் செய்த மிகப் பெரிய நிர்வாகக் காரியம் அதுதான்.

காவலரண் பக்கமிருந்து ஜீப் வந்தது. விசில் ஊதியது யார் என்று தேட வேண்டிய அவசியம் அவர்களுக்கு இருக்கவில்லை. சிவப்புப் பட்டி கட்டி நின்றவன் நான் ஒருவன்தான்.

"ஐடென்டிடி கோ?" என்றார் பொலிஸ் அதிகாரி.

நான் ஆங்கிலத்தில் ஒத்திகையின் நோக்கங்களை விளக்கத் தொடங்கினேன். அவர் மறுபடியும் அடையாள அட்டை எங்கே என்று கேட்டார். மேலே லாச்சியில், ஓடிப்போய் எடுத்து வருகிறேன் என்றேன். அவர் நிமிர்ந்து என் பலகையைப் பார்த்தார். சிங்கள வரியை வாய்விட்டு வாசித்தார். வெளியேறியபின் எவரும் மீண்டும் உள்ளே செல்லக் கூடாது.

"ஹரி," சரிதான் என்று தலையாட்டினார். அந்தப் பலகையின்படி நடந்த முதலாவது மனிதர் அவர்தான். என்னை ஜீப்பில் ஏற்றினார்கள்.

பொலிஸ் நிலையத்தில் ஒரு நீள மர வாங்கில் இருத்தினார்கள். அங்கே எனக்கு முன்பே ஐந்து பேர் இருந்தார்கள். பகல் ஒரு மணிக்கு வாகனம் வரும் என்றும், அதற்குள் யாராவது வந்து பொறுப்பெடுக்காவிட்டால் எல்லோரையும் வேறிடத்துக்குக் கொண்டுபோவார்கள் என்றும் சார்ஜன்ட் சொன்னார். அந்த 'வேறிடம்' என்ன என்று அந்த நாளில் எந்தத் தமிழருக்கும் விளக்க வேண்டியதில்லை. போனவர்களில் சிலர் இரண்டு நாளில் வந்தார்கள். சிலருக்கு மாதக் கணக்கானது. சிலரைப் பற்றிக் கேட்பதைக்கூட வீட்டார் ஒரு கட்டத்தில் நிறுத்திக்கொண்டார்கள். யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மாவுக்குச் செய்தி போகவே எத்தனை நாளாகும் என்று யோசித்தேன்.

பிறகு என் வரைபடத்தின்படி என்னை மீட்க எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கணக்குப் போட்டேன். பகுதித் தலைவர் பணிப்பாளருக்கு அறிவிக்க வேண்டும். பணிப்பாளர் தலைமைக் கந்தோருக்கு. தலைமைக் கந்தோர் சட்டத்தரணிக்கு. சட்டத்தரணி கடிதம் எழுத வேண்டும். அதைத் தட்டச்சு செய்ய வேண்டும். மூன்று தரம் கூட்டிப் பார்த்தேன். மூன்று தரமும் விடை மறுநாள் பிற்பகல் என்றுதான் வந்தது. அம்புக்குறிகளை வரைந்தவனும் நான்தான். யாரை நோக?

நிமிர்ந்து பார்த்தால் வாசலில் நசீர் நானா. சார்ஜன்ட்டோடு சிங்களத்தில் ஏதோ பகிடி விட்டுக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவேயில்லை. கை காட்டினேன். காணாதவர் போல வெளியே போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் குசுமா அக்கா வந்தார். எங்கள் கணக்குப் பகுதித் தலைவி. சிங்களவர். வாங்கில் இருந்த என்னை அவரும் பார்க்கவில்லை. நேரே பொறுப்பதிகாரியின் மேசைக்கு முன்னால் போய், கேட்காமலே கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அழவில்லை. கெஞ்சவுமில்லை. பல்லுக்கொதிக்கு மருந்து வாங்க வந்தவரைப் போல அலுத்துக்கொண்டு கதைத்தார். இந்த ஆள் கையெழுத்து வைக்காமல் துறைமுகத்தில் சாமான் எடுக்க முடியாது, கப்பல்காரன் கத்துகிறான், சீக்கிரம் விடுங்கள் என்றார். (என் கையெழுத்துக்கும் துறைமுகத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.) கதைத்துக்கொண்டே கைப்பையைத் திறந்து, என் அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்தார்.

என் லாச்சிச் சாவி என் காற்சட்டைப் பையில் இருந்தது. ஒன்றும் எடுக்காதே என்ற விதியை நானும் மீறியிருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. எடுத்த ஒரே பொருளாலும் பிரயோசனமில்லை. லாச்சியை உடைத்திருந்தார்கள்.

அதிகாரி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து அவருடைய மேசை ரெலிபோன் அடித்தது. மறுமுனையில் எங்கள் பணிப்பாளர். அதிகாரி இரண்டு தரம் "ஹரி, ஹரி" என்றார். ரிசீவரை வைத்தார். என்னைப் பார்த்து, எழும்பிப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.

குசுமா அக்காவோடு முற்றத்துக்கு வந்தபோது ஒரு மணி வாகனம் வந்து நின்றது. அதன் பின்கதவு திறந்திருந்தது. வாங்கில் இருந்த மற்றவர்களை நான் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பகுதியை இன்றைக்கும் என்னால் பகிடியாக எழுத முடியாது.

கம்பனி வான் பக்கத்து ஒழுங்கை முகப்பில் நின்றது. உள்ளே நசீர் நானாவும் சிவபாலன் என்ற இளம் எழுதுவினைஞரும் இருந்தார்கள். சிவபாலனின் கையில் ஒரு திருகாணிச் சாவி. லாச்சியை உடைத்தவர் அவர்தான்.

"பொலிஸ் நிண்டதே, எப்படி உள்ளுக்குப் போனனீர்?" என்று கேட்டேன்.

"குசினிக் கதவாலை, அண்ணை."

"குசினிக்குக் கதவு இருக்கோ?"

"ஓம் அண்ணை. பின்வளவாலை வரலாம். பிலோமினா அந்த வழியாலைதான் திரும்பிப் போய் போர்டிலை இருந்தவ."

நான் எண்ணிய கதவுகள் இரண்டு.

"இதையெல்லாம் ஆர் ஒழுங்கு செய்தது?" என்றேன்.

ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கேள்வியே விளங்காதவர்கள் போல.

"ஒருத்தரும் இல்ல," என்றார் குசுமா அக்கா. "அது அப்படித்தான் நடக்குது."

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். முதல் தரம் எங்கள் ஆள் ஒருவரைப் பிடித்தபோது எல்லோருமாக ஓடியிருக்கிறார்கள். கூடப்போன தமிழரையும் சேர்த்து உள்ளே வைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து தமிழர் யாரும் நிலையத்துக்குள் போவதில்லை. அடுத்த தரம் பிழையான நிலையத்தில் நின்று அரை நாளை வீணாக்கினார்கள். அன்றிலிருந்து ஜீப் எங்கே போகிறது என்று பார்ப்பது நசீர் நானாவின் பொறுப்பு.

"நீங்க என்னப் பாத்துக் கைய வேற ஆட்டினீங்க," என்றார் நசீர் நானா. "நான் ஒங்கள தெரிஞ்ச மாதிரிக் காட்டினா, என்னையும் பக்கத்துல இருத்தி இருப்பான் சேர்."

"நான் மொதல்ல அழுது பாத்தேன்," என்றார் குசுமா அக்கா. "சரிவரல்ல. சத்தம் போட்டேன். அதுவும் சரிவரல்ல. வேல கெடுது, வேல கெடுதுன்னு சொன்னா மட்டும்தான் அவங்களுக்குக் கேக்குது."

"ரெலிபோன்?"

"நான் பேக்கத் தொறந்ததும் நசீர் வெளிய கடையில இருந்து பிலோமினாவுக்கு அடிப்பாரு, அவ பெரியவரப் பொலிஸோட லைன்ல போடுவா. அட்டை மேசையில இருக்கறப்பத்தான் பெரியவர்ட குரல் வரணும். முந்தி வந்தா, ஆள் பெரிய ஆளோன்னு சந்தேகப்படுவாங்க."

வான் ஆமர் வீதியால் போய்க்கொண்டிருந்தது. தினமும் என் கண்ணுக்கு முன்னால் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டும், பைல் தேடிக்கொண்டும், சம்பள உயர்வு பற்றி முணுமுணுத்துக்கொண்டும் இருந்த மனிதர்கள் இவர்கள். ஒவ்வொரு பிழையிலிருந்தும் ஒவ்வொன்றைக் கற்று, யாரும் யாருக்கும் கட்டளையிடாமல், இப்படியொன்றைக் கட்டி வைத்திருந்தார்கள். அதற்குத் தலைவர் இல்லை. அம்புக்குறி இல்லை. பணிப்பாளருக்குக்கூடத் தன் குரல் எந்த நொடியில் தேவைப்பட்டது என்பது தெரியாது. போரில் எரியும் ஒரு நகரத்தில் எங்கள் கந்தோருக்கு இருந்த உண்மையான ஆபத்து எது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நான் அதே ஆபத்துக்குப் பிறந்தவன். அப்படியிருந்தும் கோட்டுக்காரர்களின் புல்லைத் தேடிக்கொண்டிருந்தேன். பெரிய கோயில் ஒன்றுக்குள் முதல் தரம் போனவனைப் போல எனக்குக் கதைக்க வரவில்லை.

(கதை வந்ததும் நான் சொன்ன முதல் வசனம், "இதை எழுதி ஒரு கைந்நூலாக்கலாம்." நசீர் நானா சட்டென்று திரும்பினார். "எழுதினா அது அவங்கட கைக்குத்தான் போகும் சேர். வாய மூடிக்கிட்டு வாங்க.")

தலைமைக் கந்தோர்க்காரர், வெளியேற்றம் மிகத் திருப்தி, பொறுப்பாளரை மட்டும் பிற்பகல்வரை காணக் கிடைக்கவில்லை என்று அறிக்கை கொடுத்தார். என்னை நிரந்தரமாக்கினார்கள்.

சில மாதங்களின் பின் ஒரு காலை வெள்ளவத்தையில் சுற்றிவளைப்பு. சிவபாலனைக் கொண்டுபோய்விட்டார்கள். செய்தி வந்ததும் கந்தோரில் கதிரைகள் நகர்ந்தன. நசீர் நானாவைக் காணோம். குசுமா அக்கா சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். நான் அவருக்கு முன்னால் போய் நின்றேன்.

"நான் என்ன செய்ய, அக்கா?"

என்னை மேலும் கீழும் பார்த்தார். உண்மையாகவே யோசித்தார்.

"சிவபாலன்ட மேசையில இருந்து அவர்ட வேலயச் செய்ங்க. வேல நிண்டா பெரியவர் கத்துவார். பெரியவர் கத்தினா ரெலிபோன்ல குரல் சரியா வராது."

என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பதவிகளில் நான் மிகப் பெருமைப்பட்ட பதவி அது. சேட்டுக் கையை மடித்துக்கொண்டு சிவபாலனின் கதிரையில் உட்கார்ந்தேன். வந்த ஒவ்வொரு கப்பல் பத்திரத்தையும் எடுத்து, கவனமாக எண்ணி, முத்திரை குத்தி அனுப்பினேன். அவன் பத்திரமாகத் திரும்பி வர வேண்டும் என்று ஒவ்வொரு குத்துக்கும் வேண்டிக்கொண்டேன். பின்னேரம் வந்துவிட்டான்.

அதற்கு அடுத்த வருடம் நான் அவனுடைய அக்காவைத் திருமணம் செய்தேன். இன்றைக்கும் குடும்பத்தில் ஒரு நல்லது கெட்டதற்கு நாலு பேர் கூடினால் சிவபாலன் எழும்பி நின்று இதைச் சொல்லாமல் விடுவதில்லை. பிள்ளைகளுக்கு மனப்பாடம். அவன் வாய் திறக்கும்போதே அவர்களும் சேர்ந்து சொல்வார்கள்:

"பொலிஸிலை நான் இருந்தது அரை நாள். அத்தான் எனக்குப் பதிலாச் செய்த வேலையைத் திருத்த எனக்கு மூண்டு கிழமை!"