அரசுச் செலவில் பன்னிரண்டு ஜோடிக் காது

மக்கள் குரலைக் காதுகொடுத்துக் கேட்பதாகச் சொல்லாத அலுவலகம் உலகத்தில் கிடையாது. ஆனால் அதற்காகக் காதையே அரசுச் செலவில் வாங்கிக் கொடுத்த அலுவலகம் ஒன்றே ஒன்றுதான். மத்திய ஜாவாவில், மலையடிவாரச் சிறுநகர் ஒன்றின் குடிநீர் அலுவலகம் அது. ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அங்கே வருகிற கொஞ்சநஞ்சத் தண்ணீரும் நின்றுவிடும்.

அந்த மகத்தான தொடக்க விழாவை நேரில் காணும் பாக்கியம் வார்த்தினிக்குக் கிடைத்தது. பாவம், அவள் பாக்கியத்தைத் தேடி வரவில்லை, தண்ணீரைத் தேடி வந்தாள். கிலோக் கணக்கில் துணி வாங்கித் துவைத்துக் கொடுப்பது அவள் பிழைப்பு. பதினோரு நாளாக அவள் இருக்கும் வடக்குத் தெருவில் குழாயில் காற்றுதான் வருகிறது. கடையிலோ ஒரு கல்யாண வீட்டு மூட்டை கிடந்தது. பெண் வீட்டார் எல்லோரும் ஒரே மாதிரி உடுத்துவதற்கான இளம்பச்சை உடுப்புகள், முப்பத்தெட்டு. மூத்தவள் கல்யாணத்துக்குத் தைத்ததையே இளையவளுக்கும் போட்டுக்கொள்ளலாம் என்று பெண்ணின் தாய் முடிவெடுத்ததால், பீரோ நாற்றத்தோடு வந்து சேர்ந்தவை. நாளை மறுநாள் கல்யாணம். இன்றைக்கு நனைத்தால்தான் காயும்.

அந்தத் தாயின் பெயர் தார்மி. சந்தையில் வெங்காய மொத்த வியாபாரம். அவள் குரல் எழுந்தால் லாரியே பின்வாங்கும். "துணி வரலேன்னா உன் கடைப் பெயர்ப்பலகையைக் கழட்டி விறகாக்கிடுவேன்" என்று மூன்று நாளாக மணிக்கொரு தரம் போன் செய்துகொண்டிருந்தாள்.

கவுன்டருக்குப் பின்னால் மேசைமேல், அந்த ஊர் விழாக்களில் கேக்குக்குப் பதில் வெட்டும் மஞ்சள் சோற்றுக் கூம்பு நின்றது. சுவரில் ‘மக்கள் குரல் கேட்பு இயக்கம்' என்று பதாகை. அலுவலகத்தில் இருந்த பன்னிரண்டு பேருக்கும் பன்னிரண்டு டப்பி, டப்பிக்குள் வயரில்லாத இயர்பட் ஒரு ஜோடி. புகார் சொல்பவரின் குரல் இனிமேல் நேரே ஊழியரின் காதுக்குள் இறங்குமாம். புகார் சொல்ல வந்த ஒரே ஆள் நாலடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவளைக் காத்திருக்கச் சொல்லியிருந்தார்கள்.

"மாஸ் பூஜி, தண்ணி வரல" என்றாள் கவுன்டர் இளைஞனிடம். அங்கே இளைஞனை மாஸ் என்றும், பெண்ணை இபு என்றும், பெரிய மனிதரை பாக் என்றும் மரியாதையாக அழைப்பார்கள்.

"கொஞ்சம் இருங்க இபு. இயர்பட் இணைச்சதும் உங்க புகாரைக் கேக்கத்தான் போறோம்."

"இப்பவே கேக்குதுல்ல?"

"கேக்குது. ஆனா இது முறைப்படி கேக்கறது இல்லையே."

அலுவலகத் தலைவர் பாக் தர்சோனோ கூம்பின் நுனியை வெட்டி, மரபுப்படி அது சபையில் பெரியவருக்கு உரியது என்பதால் தாமே பெற்றுக்கொண்டார். பிறகு இயர்பட்டைக் காதில் செருகினார், வலதை இடதிலும் இடதை வலதிலும். போன் அவர் சட்டைப்பைக்குள்ளேயே இருந்தது. சபை மூச்சை அடக்கிக்கொண்டது.

"ஆஹா! தெளிவா கேக்குது" என்றார். கைதட்டல் எழுந்தது.

"போன்ல இணைக்கவே இல்லையே அவரு?" என்று வார்த்தினி பூஜியிடம் கிசுகிசுத்தாள்.

"ஷ்ஷ்! பெரியவர் தலைப்பக்கம் கையைக் கொண்டு போக முடியுமா? சொன்னா அவருக்குத் தெரியலைன்னு ஆயிடும்."

"தெரியலதானே?"

"அது எங்க எல்லாருக்கும் தெரியும். அதனாலதான் சொல்லல."

தலைவர் தொடங்கிவைத்துவிட்டார் என்பதால் மற்றவர்களும் தொடங்கினார்கள். எல்லா டப்பிக்கும் ஒரே பெயர் என்பதால், பதினோரு போன்களிலும் அந்தப் பெயரே பன்னிரண்டு தரம் வரிசையாக வந்தது. கணக்காளர் போட்ட பாட்டு மீட்டர் பார்ப்பவர் காதில் ஒலித்தது. பட்டியலில் முதலில் இருந்த பெயரை மட்டும் யாரும் தொடவில்லை. முதலிடம் என்றால் அது தலைவருடையதாகத்தானே இருக்கும்? மரியாதை என்று ஒன்று இருக்கிறதல்லவா!

பூஜியின் டப்பி எதற்கும் மசியவில்லை. "இபு, உங்க போன்ல காட்டுதா பாருங்களேன். டப்பி கெட்டுப்போச்சான்னு தெரியணும்" என்றான்.

வார்த்தினி அரசு ஊழியர் இல்லை. முதல் பெயரைத் தொட்டாள். ‘இணைந்தது' என்றது போன். பூஜியின் காதில் ஒன்றும் கேட்கவில்லை. அந்த நேரம் பார்த்துத் தார்மியின் அழைப்பு வந்தது. எடுத்துக் காதில் வைத்தாள். ஒரு சத்தமும் இல்லை.

பாக் தர்சோனோ வாயில் சோற்றோடு துள்ளி எழுந்தார்.

"ஆமா இபு!... பதினோரு நாளா இபு... தப்புதான் இபு!... ஐயோ, பலகையை விறகாக்கிடாதீங்க இபு!"

அவருக்குத் தெரிந்து அந்த மாவட்டத்தில் தம்மை அப்படி அதட்டக்கூடிய பெண் ஒருத்திதான், மாவட்டத் தலைவரின் மனைவி. வாசலில் தொங்கும் தம் பெயர்ப்பலகை பற்றி எரிவதை அவர் மனக்கண்ணால் பார்த்துவிட்டார்.

வார்த்தினி தன் போனைப் பார்த்தாள், அவர் காதைப் பார்த்தாள். புரிந்துவிட்டது. ஆனாலும் அவளும் அந்த ஊர்க்காரிதானே? இத்தனை பேர் முன்னால் ‘பாக், அது என் போன்' என்று பெரியவரிடம் சொல்வது மரியாதையில்லை என்று பேசாமல் நின்றாள்.

"வடக்குத் தெரு வால்வை மூடினது யாரு?" என்று தலைவர் ஊழியர்கள் பக்கம் திரும்பிக் கத்தினார்.

"நாமதான் பாக். பழுது பாக்க மூடினோம். பாத்து முடிச்சு எட்டு நாளாச்சு. திறக்க உத்தரவு வரல."

"திற! ஓடு!"

மீட்டர் பார்ப்பவர் சோற்றுக் கையோடு ஓடினார். பதினோரு நாள் வேலை பத்தே நிமிஷத்தில் முடிந்தது.

பாக் தர்சோனோ வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "பிரமாதமான கருவி! மேலிடத்துக் குரல் நேரா வந்துடுது."

வார்த்தினியின் போன் மறுபடி துடித்தது. இந்த முறை அவள் கணவன் கார்யோ. அவள் எடுப்பதற்குள், காதில் மணி கேட்ட தலைவர் இயர்பட்டைப் பயபக்தியோடு தொட்டுவிட்டார்.

"உத்தரவு!... தண்ணி வந்துடுச்சுங்களா? ரொம்ப சந்தோஷம்... என்னது? எந்தப் பாவாடையை முதல்ல ஊறப்போடறதா?"

மேலிடம் கேட்கக்கூடிய கேள்வி அல்ல அது. அவர் முகம் மெல்லக் கறுத்தது.

"பச்சை எல்லாத்தையும் போடச் சொல்லுங்க, பாக்!" என்று கத்திக்கொண்டே வார்த்தினி வெளியே ஓடினாள்.

பீரோ நாற்றம் போன முப்பத்தெட்டு பச்சையோடு கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. எழுத்தில் உத்தரவில்லாமல் திறந்த வால்வு அதற்குள் முறைப்படி மூடப்பட்டிருந்தது.

அடுத்த திங்கட்கிழமை வார்த்தினி மறுபடி கவுன்டரில் நின்றாள். "மாஸ் பூஜி, தண்ணி வரல."

பூஜி அன்போடு சிரித்தான். இரண்டு காதிலும் இயர்பட் அடைத்திருந்தது. பதாகைக்குக் கீழே ஒட்டியிருந்த சுற்றறிக்கையை விரலால் காட்டினான். அவள் படித்தாள்:

‘மக்கள் குரல் கேட்பு இயக்கம் மாபெரும் வெற்றி. கருவியில் கண்ட ஒரே பழுது, அதில் மக்கள் குரல் கேட்கிறது. ஆகவே ஊழியர் அனைவரும் அலுவலக நேரம் முழுவதும் கருவியைக் காதில் அணிந்திருக்க வேண்டும். எதனோடும் இணைக்கக் கூடாது.'