மூன்று முறை செத்த மாப்பிள்ளை

சாவதையே பிழைப்பாக வைத்திருந்த மனிதர் உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவரும் எங்கள் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவிக்கொண்டிருந்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. துரை முதல் கூலிகள் குடியிருந்த லயத்துக் குழந்தைகள் வரை எல்லோருக்கும் அவர் ‘பயாஸ்கோப்பு’தான்.

இது இருபதுகளின் கதை. கோல சிலாங்கூர் பக்கம், அசாம் ஜாவாவைத் தாண்டியிருந்த தோட்டத்தில் நான் சின்னக் கிராணியாகப் பேனா பிடித்துக்கொண்டிருந்தேன். பயாஸ்கோப்பு கப்பல் ஏறுவதற்கு முன்னால் சென்னையில் ஊமைப்படம் எடுக்கும் ஒரு கம்பெனியில் ஆக்டர். ராஜா, மந்திரி வேஷமெல்லாம் அவர் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அம்பு பட்டு விழவோ, கதாயுதத்தால் அடி வாங்கவோ, யானை மிதித்துக் கிடக்கவோ ஆள் தேவைப்பட்டால் அவரைக் கூப்பிடுவார்கள். ஒழுங்காகச் செத்தால் மத்தியானச் சோறு உண்டு. படங்கள் கொட்டகைக்கு வருமுன்னே மலாயா வந்துவிட்டதால், தான் எப்படிச் செத்தோம் என்று அவரே பார்த்ததில்லை. அந்த ஒரு குறை அவரை அரித்துக்கொண்டிருந்தது.

தொழிலை மட்டும் அவர் விடவில்லை. காலையில் பிரட்டுக் களத்தில் ஆள் கூப்பிடும்போது, தன் முறை வந்ததும் குரல் கொடுத்துவிட்டு நெஞ்சைப் பிடித்தபடி சாய்வார். புதிதாக வந்திருந்த துரை முதல் தடவை வெலவெலத்துப் போய் டிரஸ்ஸருக்கு ஆள் அனுப்பினார். டிரஸ்ஸர் மருந்துப் பெட்டியோடு ஓடி வந்து நாடி பிடித்தால், பயாஸ்கோப்பு ஒற்றைக் கண்ணைத் திறந்தார்.

“இது வாள் வெட்டுங்க. அம்பு பட்டா வேற மாதிரி விழணும். காட்டவா?”

துரை அன்று முழுக்க அவரைக் கால்வாய் வெட்டப் போட்டார். அங்கேயும் ஒரு தடவை செத்துக் காட்டியதாகக் கேள்வி.

இதற்கெல்லாம் ஒரு நாள் பலன் கிடைத்தது. நிஜமாகவே குளவிக் கூட்டம் கொட்டி, மரத்தடியில் சுருண்டு கிடந்தார். பால் வாளியோடு போன பெண்கள் நின்று பார்த்து, இன்றைக்கு அவ்வளவு நன்றாக இல்லை, அவசரப்பட்டுவிட்டார் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு நடந்தார்கள். கூலிகளை வேலை வாங்கும் மண்டோரின் மகள் அஞ்சலை மட்டும் திரும்பி வந்து, கூச்சல் போட்டு ஆள் சேர்த்து அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்க வைத்தாள். எப்படித் தெரிந்தது என்று பிறகு கேட்டதற்கு, “நடிச்சா மூக்க சொறிவாரு. இன்னிக்கு சொறியல” என்றாள்.

வீக்கம் வடிவதற்குள் பயாஸ்கோப்பு முடிவு செய்துவிட்டார். கட்டினால் அஞ்சலை, இல்லாவிட்டால் கட்டையில் போவது. அஞ்சலைக்கும் சம்மதம்தான். மண்டோர் தோட்டத்தையே அதட்டுகிறவர். வீட்டில் மட்டும் அவர் மனைவி மாரியாயி சொன்னதற்குத் தலையாட்டுவார். அந்த அம்மாளோ ஆக்டர் கதையில் ஒரு சொல்லைக்கூட நம்பவில்லை.

“பார்த்தவங்க யாரு? படத்த எங்கண்ணுல காட்டச் சொல்லு, பொண்ண தரேன்.”

மலாயாவில் அந்தப் படத்துக்கு எங்கே போவது? பயாஸ்கோப்பு சாவதைக்கூட மறந்து ஓய்ந்துபோனார். அந்தச் சமயத்தில் கோல சிலாங்கூர் கடைத்தெருவில் ஒரு கூடாரக் கொட்டகை வந்து இறங்கியது. நோட்டீஸில் இருந்த புராணப் படத்தின் பெயரைப் பார்த்ததும் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அவருடைய படமேதான்.

ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் மாட்டு வண்டிகளில் லயமே கிளம்பியது. மாப்பிள்ளை ஆகப் போகிறவர் என் கோட்டைப் போட்டுக்கொண்டு முன் வண்டியில் இருந்தார். கொட்டகையில் ஒருவர் பிரம்போடு திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்லிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அரண்மனைக் காவலாளியாகப் பயாஸ்கோப்பின் முறுக்கு மீசை வந்தது. எங்கள் கூட்டம் ஆரவாரம் செய்து முடிப்பதற்குள் ஓர் அம்பும் வந்தது. காவலாளி விழுந்தான்.

மாரியாயி மாரில் அடித்துக்கொண்டாள். “ராசாவாட்டம் நின்னியே, எம் மருமவனே” என்று ஆரம்பித்தாள். அவரை அந்த அம்மாள் மருமகன் என்றது அதுதான் முதல் தடவை. லயத்துப் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். மருமகனோ அதே பாயில்தான் உட்கார்ந்திருந்தார்.

படக் கம்பெனி சிக்கனமானது. அழுகை ஆறிய பிறகு அதே மீசை கொம்பு வைத்த அசுரனாக வந்து அடிபட்டது. மறுபடியும் ஒப்பாரி. கடைசியில் போர்க்களத்துப் பிணம். மூன்றாம் ஒப்பாரி உச்சத்தில் இருக்கும்போது, பிணம் மெதுவாகக் கையைத் தூக்கி மூக்கைச் சொறிந்தது. கொட்டகையில் சிரித்தது அஞ்சலை ஒருத்திதான். பயாஸ்கோப்பு கண்ணீரோடு என் காதில் சொன்னார்: “நல்லாத்தான் செத்திருக்கேன் லா, ஐயா.”

மறுநாள் மாரியாயி கையை விரித்துவிட்டாள்.

“ஒப்பாரி வச்ச ஆளுக்கு எப்படிப் பொண்ணு குடுக்கறது? அழுத அழுகைய திருப்பி எடுத்துக்க முடியுமா?”

யாழ்ப்பாணத்துக்காரரான பெரிய கிராணி விளக்கு எப்படி எரிகிறது, நிழல் எப்படி விழுகிறது என்று பாடமே நடத்தினார். பொறுமையாகக் கேட்ட அம்மாள், “எல்லாஞ் சரிங்க. நான் அழுதது நெசந்தானே?” என்றாள். பெரிய கிராணி எழுந்து போய்விட்டார்.

கோயில் பண்டாரம்தான் வழி சொன்னார். உயிரோடு இருப்பவனுக்கு ஒப்பாரி வைத்துவிட்டால், அவன் மறுபடியும் பிறக்க வேண்டுமாம். தொட்டில் கட்டி, பிறந்த பிள்ளைக்கு வைக்கிற மாதிரி நாக்கில் சர்க்கரைத் தண்ணீரைச் சேனையாகத் தொட்டு வைத்து, புதுப் பெயர் சூட்டினால் பழைய அழுகை தீர்ந்துவிடும். உத்தரத்தில் சேலையால் தொட்டில் கட்டினோம். பிறந்த பிள்ளைக்கு மீசை ஏது? அதையும் எடுத்துவிடச் சொன்னார் பண்டாரம். அம்பு பட்டபோதெல்லாம் அசையாத மனிதர் கத்தியைக் கண்டு நடுங்கினார். அஞ்சலை இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு முகத்தைக் கொடுத்துவிட்டார்.

தொட்டிலில் மடங்கிப் படுத்தவரைப் பிள்ளை மாதிரி அழச் சொன்னார்கள். அவர் விழித்தார்.

“எனக்கு சாவத்தானே தெரியும். பொறக்கத் தெரியாதே.”

சேலை டர்ரென்று கிழிந்து தரையில் விழுந்த அடியில் அழுகை தானாக வந்தது. மண்டோர் அவர் நாக்கில் சேனை வைத்து, சிரஞ்சீவி என்று புதுப் பெயரைக் காதில் சொன்னார். எல்லாம் முடிந்தது என்று வெற்றிலையை எடுத்தால், மாரியாயி மறுபடியும் குறுக்கே வந்தாள். இன்றைக்குப் பிறந்த பிள்ளைக்கு இந்த மாதமே கல்யாணமா என்று கேட்டாள்.

அஞ்சலை எழுந்து வந்தாள்.

“எத்தன தடவ செத்தாலும் எந்திரிச்சு சோத்துக்கு வந்துட்டாரும்மா. இந்த ஆளு என்னை விட்டுட்டு எங்க போயிடப் போறாரு.”

மாரியாயி வெற்றிலைத் தட்டைத் தானே நகர்த்தி வைத்தாள். மீசையில்லாத மாப்பிள்ளை தாலி கட்டியது அந்த மாதமே.

பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று சிரஞ்சீவி நெடுங்காலம் இருந்தார். ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. சேதி கேட்டு நான் போனபோது பெண்கள் ஒப்பாரிக்குத் தலைமுடியை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். கிழவியாகியிருந்த அஞ்சலை கையைக் காட்டி நிறுத்தினாள்.

“கொஞ்சம் பொறுங்க.”

அவர் மூக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்த மூக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.