குளிர்ப் பிரதேசத்தில் ஆறு விடியற்காலைகள்

நாட்குறிப்பு எழுதுகிறவர்களுக்கு ஒரு மிதப்பு உண்டு. ஒன்றை எழுதி வைத்துவிட்டாலே அதைப் புரிந்துகொண்டுவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள். நான் இருபத்தேழு வருடமாக ஒருநாள் விடாமல் எழுதுகிறேன். ஆகவே என்னுடையது இருபத்தேழு வருட மிதப்பு. அது கோத்தகிரிக்கு அப்பால் ஒரு சிற்றூரில், மூன்று வருடங்களுக்கு முன், ஆறே விடியற்காலைகளில் இறங்கியது. (ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கே இருப்பவர்கள் நல்லவர்கள். ஏற்கெனவே போதுமான அளவு பயந்திருக்கிறார்கள்.)

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கூட்டுறவுச் சங்கத்தில் தரம் பார்ப்பது என் வேலை. நெசவாளர் கொண்டுவரும் சேலையை விரித்து நீளம், அகலம், எடை பார்த்துச் சொல்ல வேண்டும். ஒருமுறை சொன்னால் போதாது. கூட்டமும் பேச்சுமான இடம் என்பதால், எந்த அளவையும் மூன்று முறை உரக்கச் சொல்வது எங்கள் சங்கத்து வழக்கம். மூன்றாவது முறையில்தான் எழுத்தர் பேனாவை வைப்பார். இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. அடுப்பில் பால் பொங்கினால்கூட மூன்று முறை அறிவிப்பேனே தவிர அடுப்பை அணைக்க மாட்டேன் என்பது என் மனைவி விசாலாட்சியின் குற்றச்சாட்டு.

மார்ச் பிறந்தால் விசாலாட்சிக்கு ஒற்றைத் தலைவலி தொடங்கிவிடும். ஜூன் முடியும்வரை ஜன்னலைச் சாத்திவிட்டு, கண்மேல் ஈரத்துணியுடன் இருட்டில் படுத்திருப்பாள். வருடத்தில் நாலு மாதம் என் மனைவியை நான் ஒரு குரலாகத்தான் அறிவேன். ஏசி காற்று பட்டால் வலி இன்னும் கூடும். “குளிர்ச்சியான ஊரா பாத்துப் போயிடுங்க” என்று டாக்டர் சொன்னார். அதை அவர் சாதாரணமாகச் சொன்னார். நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு புது நோட்டு வாங்கி அட்டவணை போட்டேன். ஏலகிரி, ஏற்காடு, கொடைக்கானல், ஊட்டி, கோத்தகிரி. குளிர், பஸ், ஆஸ்பத்திரி, கோயில், குரங்குத் தொல்லை என்று ஐந்து கட்டங்கள், கட்டத்துக்கு ஐந்து மதிப்பெண். ஏலகிரியில் குளிர் போதவில்லை. ஏற்காட்டு வளைவுகளில் வாந்தி வந்தது (அவளுக்கு அல்ல, எனக்கு). கொடைக்கானலில் கூட்டம். ஊட்டிக்கு நேரே ‘மிகை’ என்று எழுதினேன். கோத்தகிரி வென்றது.

விசாலாட்சியின் தம்பி சேகர் அட்டவணையைப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

“இன்னா மாமா, பொண்ணு பாக்கிற மாதிரி ஊர் பாத்துக்கினு கீறீங்க. ஜாதகம் வாங்கினீங்களா?”

“கிண்டல் பண்ணாதடா. தலவலி உனக்கு வந்தாத்தான் தெரியும்” என்றது உள்ளறைக் குரல்.

கோத்தகிரிக்கு அப்பால், தேயிலைத் தோட்டத்தின் ஓரமாக ஓர் ஓட்டு வீடு விலைக்கு இருந்தது. வீட்டுக்காரர் கோவையில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். “டிசம்பர்ல ஒரு வாரம் தங்கிப் பாருங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வர்றேன். அப்ப சொல்லிட்டாப் போதும். ஆனா அதுக்கு மேல காத்திருக்க முடியாதுங்க, வேற ஒருத்தர் கேட்டுட்டிருக்காரு” என்றார்.

ஞாயிறு மாலை போய்ச் சேர்ந்தோம். நான் விருப்ப ஓய்வு விண்ணப்பத்தைக்கூட எழுதி, தேதியை மட்டும் விட்டுப் பெட்டியில் வைத்திருந்தேன்.

அந்த வீடு தனியாக நின்றது. ஐந்து மணிக்கெல்லாம் பள்ளத்திலிருந்து பனிமூட்டம் ஏறி வந்து, விருந்தாளி மாதிரி வாசலில் சற்று நின்று, பிறகு உள்ளே நுழைந்தது. சத்தமே இல்லை. காஞ்சிபுரத்தில் எந்தத் தெருவிலும் ஏதாவது ஒன்று தட்டிக்கொண்டே இருக்கும். இங்கே ஓட்டிலிருந்து சொட்டும் நீர் மட்டும்தான். ஒரு சொட்டு. நெடுநேரம் கழித்து இன்னொன்று. அடுத்தது எப்போது என்று காது தானாகக் காத்திருந்தது.

விசாலாட்சி வாசலில் சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்றாள்.

“ஏங்க, தலைல ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்குது.”

(எனக்கு வெகு நாளாக அப்படித்தான் என்று சொல்ல வந்து அடக்கிக்கொண்டேன்.) அவள் முகத்தை அவ்வளவு தெளிவாகப் பார்த்து எத்தனையோ காலமாயிற்று. இந்த வீட்டை எப்படியும் வாங்கிவிடுவது என்று அந்த நிமிடமே முடிவு செய்தேன். ஆனாலும் முறைப்படி ஏழு நாள் குளிரை அளந்து பார்க்காமல் முடிவைச் சொல்லக் கூடாது அல்லவா?

வெப்பமானியைச் சுவர் அருகில் மாட்டக் கூடாது, திறந்த நிழலில் மாட்ட வேண்டும் என்று படித்திருந்தேன். வீட்டிலிருந்து நூற்றுப் பத்து தப்படி தள்ளி ஓர் இடிந்த கொட்டகையும், பக்கத்தில் ஒரு சவுக்கு மரமும் இருந்தன. அந்த மரத்தில் மாட்டினேன். தினமும் காலை 5.40க்கு அளவு எடுப்பது என்று ஏற்பாடு. குளிருக்கு வெள்ளைப் போர்வை, இருட்டுக்கு நெற்றியில் ஒரு விளக்கு. மனைவியை எழுப்பவில்லை. அவள் ஏழு மணிக்கு எழுவாள். இதையெல்லாம் நான் அவளிடம் விளக்கவும் இல்லை. ஆபீஸ் வேலையை வீட்டில் பேசுவதில்லை என்ற கொள்கை.

திங்கள் பதினொன்று டிகிரி. செவ்வாய் பத்து. புதன் ஒன்பது.

புதன்கிழமை, பால் கொண்டுவரும் ரங்கம்மா ஏழு மணிக்கு வரவில்லை. வீட்டைப் பெருக்கித் துடைப்பதும் அவர்தான். ஒன்பதரைக்கு வந்தார். கழுத்தில் புதுக் கறுப்புக் கயிறு.

“வெளிச்சம் நல்லா வரட்டும்னு இருந்தேனுங்க அம்மா.”

“ஏன், இன்னா ஆச்சு?”

ரங்கம்மா என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “அந்தக் கொட்டகைகிட்ட மரம் நிக்குதுங்களே, அங்க வருதுங்க. மூணு நாளா. தண்ணிக்குப் போன பொம்பளைங்க அத்தன பேரும் பாத்தாங்க. உடம்பு பூராம் வெள்ளை. காலே இல்லைங்க, புகை மாதிரி மெதக்குது. நெத்தியில ஒத்தைக் கண்ணு எரியுது. மரத்துக்கு முன்னால குனியும். அப்புறம் ஒரு எண்ணு சொல்லுங்க. மூணு வாட்டி.”

“இன்னா எண்ணு?”

“முந்தாநாள் பதினொண்ணு. நேத்து பத்து. இன்னிக்கு ஒம்பது.” அவர் பால் பாத்திரத்தை மார்போடு அணைத்துக்கொண்டார். “எறங்கிட்டே வருதுங்க. பூஜ்யம் வந்தா ஆரையோ கூட்டிட்டுப் போயிரும்னு ஊருல பேசிக்கிறாங்க.”

அந்தக் கொட்டகையில் முன்பு ஒருவர் தேயிலை எடை போட்டாராம். எடையை மூன்று முறை கூவிச் சொல்வாராம். அங்கேயே ஒருநாள் மயங்கி விழுந்து போய்விட்டாராம்.

எனக்கு முதுகுத்தண்டில் யாரோ ஈர விரலை வைத்து இழுத்தது போலிருந்தது. கூடவே ஒரு தொழில் மரியாதையும் உண்டானது. இறந்த பிறகும் வேலைக்கு நேரத்துக்கு வருகிறவர்!

படிக்கிறவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு சந்தேகம் வந்திருக்கும். எனக்கு வரவில்லை. அன்றே நோட்டின் வலப்பக்கத்தில் வெப்பநிலை, இடப்பக்கத்தில் பேய் என்று பிரித்து, பேய்க்கும் கட்டம் போட்டேன்: நாள், நேரம், தோற்றம், சொன்ன எண். அழகான கையெழுத்தில் இரண்டையும் நிரப்பினேன். ஒரே நோட்டை விரித்து வைத்து இரு பக்கமும் எழுதியவனுக்கு அவை இரண்டும் வேறு வேறு இலாகாவாகத் தெரிந்தன.

அளவு எடுப்பதை நிறுத்தியிருக்கலாம். ஒரு நாள் கட்டம் காலியாக இருந்தால் மொத்த வரிசையும் பாழ் என்று நினைக்கும் ஜாதி நான். வியாழனன்று நெற்றி, கன்னம், கழுத்து என்று விபூதியை அள்ளிப் பூசிக்கொண்டு, தெரிந்த பதிகங்களை முணுமுணுத்தபடி போனேன். எட்டு டிகிரி. காலை பத்து மணிக்கு ரங்கம்மா செய்தி கொண்டுவந்தார்.

“இன்னிக்கு மூஞ்சி பூராம் சுடுகாட்டுச் சாம்பலுங்க. என்னமோ மந்திரம் வேற மொனகுது. எட்டுன்னுச்சு.”

இடப்பக்கத்தில் எழுதினேன்: ‘முகத்தில் சாம்பல். மந்திரம். 8.’

வெள்ளியன்றும் போனேன். பனிமூட்டத்தில் என் நெற்றி விளக்கு மூன்றடிக்கு மேல் போகவில்லை. வெளிச்சம் எதிலோ மோதி என் முகத்துக்கே திரும்பி வந்தது. எங்கோ மிக அருகில் யாரோ மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது. இழுத்த மூச்சை வெளியே விடவே இல்லை. நான் குனிந்தேன், பார்த்தேன், “ஆறு ஆறு ஆறு” என்று அழாக்குறையாகச் சொல்லிவிட்டு ஓடினேன்.

“ஏழைக் காணமுங்க!” என்றார் ரங்கம்மா. அவர் கண்கள் சிவந்திருந்தன. “எட்டுல இருந்து நேரா ஆறுக்கு வந்துருச்சு. அதுக்கு அவசரம். அழுதுட்டே ஓடுச்சுங்க. அதுவும் இந்த வீட்டுப் பக்கமா!”

நோட்டைப் பிரித்தேன். அது வருவது 5.40க்கு என்கிறார்கள். நான் போவதும் 5.40க்கு. ஆகவே ஊர்க் கடிகாரங்கள் சற்றுப் பிந்தி ஓடுகின்றன, நான் திரும்பிய ஓரிரு நிமிடத்தில் அது வருகிறது, அதாவது ஐந்து நாளும் மயிரிழையில் தப்பியிருக்கிறேன் என்று கணித்து, அதையும் நோட்டில் அடிக்கோடிட்டு எழுதினேன்.

விசாலாட்சி மட்டும் அசையவில்லை. “இருந்துட்டுப் போவட்டுங்க. நம்மள இன்னா பண்ணுது? நாப்பத்தோரு டிகிரி வெயிலுக்கு இது தேவல.” அன்று மாலை கொல்லைப்புறத்தில் எங்கே கறிவேப்பிலைச் செடி வைப்பது என்று இடம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை. மரத்தடியில் குனிந்தேன். ஐந்து. “ஐந்து” என்று ஒருமுறை சொல்லி நிமிர்ந்தேன்.

எதிரே, பனிமூட்டத்துக்குள், வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு வெள்ளை உருவங்கள் நின்றன. எதற்கும் கால் இல்லை. எல்லாம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு நொடி, இரண்டு நொடி, ஓட்டிலிருந்து நீர் சொட்டும் அந்த நிதானத்தில் காலம் நின்றது. மீதி இரண்டு முறையை நான் சொல்லவில்லை, அலறினேன். அவர்களும் அலறினார்கள். யாரோ எறிந்த எலுமிச்சம்பழம் இடது தோளில் பட்டது. (பேய்கள் எலுமிச்சம்பழம் எறியுமா என்று அப்போது யோசிக்கத் தோன்றவில்லை.) வேட்டி முள்வேலியில் கிழிய, வீடு வந்து விழுந்தேன்.

“கிளம்பு. ஒண்ணு இல்ல, பன்னெண்டு இருக்குது.”

“நாளைக்கு ஞாயித்துக்கிழமைங்க. ஒரே ஒரு நாள். அவரு வந்துடுவாரு.”

நான் வீட்டுக்காரருக்குப் போன் செய்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மூன்று முறை. முதல் பஸ்ஸில் மலை இறங்கினோம். மேட்டுப்பாளையம் நெருங்கும்போது விசாலாட்சி ஜன்னல் கம்பியில் நெற்றியைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டாள்.

மறுநாள் காஞ்சிபுரம் செவிலிமேட்டில், எங்கள் வீட்டுக் கூடத்தில், நோட்டைச் சுத்தப் பிரதி எடுக்க உட்கார்ந்தேன். சங்கத்தில் செய்வது போல ஒப்புப் பார்க்க ஓர் ஆள் வேண்டுமே. விசாலாட்சியை இடப்பக்கத்தைப் படிக்கச் சொல்லிவிட்டு வலப்பக்கத்தை நான் படித்தேன். சேகரும் இருந்தான்.

“திங்கள், பதினொன்று” என்றேன்.

“திங்கள், பதினொண்ணு” என்றாள்.

“செவ்வாய், பத்து.”

“செவ்வாய், பத்து.” அவள் குரல் மெதுவானது. “புதன் ஒம்பதுதானே உங்களுக்கு? வியாழன் எட்டு? வெள்ளி ஆறு?”

“சரியா இருக்குதே” என்று பாராட்டினேன். சத்தியமாகப் பாராட்டினேன்.

“ஏங்க. அந்த வெப்பமானிய எங்க மாட்னீங்க?”

சொன்னேன். சேகர் தரையில் உருண்டு சிரித்தான். விசாலாட்சி சிரிக்கவில்லை. நோட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “எனக்குக் கிடைச்ச ஒரே ஊரு” என்றாள்.

அப்படி ஒரு கூனிக் குறுகல் என் வாழ்வில் அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. திங்கள் காலை ரங்கம்மாவுக்குப் போன் செய்தேன். ஸ்பீக்கரில் போட்டேன், மனைவியும் கேட்கட்டும் என்று.

“ரங்கம்மா, அந்தப் பேய் நான்தான்மா. குளிர் பாக்க வந்தேன். எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க.”

“நல்ல மனசுங்க ஐயா உங்களுக்கு. நாங்க பயப்படக் கூடாதுன்னு சொல்றீங்க. ஊருல வீட்டைப் பூட்டி மஞ்சத் துணி கட்டிட்டாங்க. பூஜ்யம் வந்து போற வரைக்கும் தொறக்க வேணாம்னு வீட்டுக்காரரும் ஒத்துக்கிட்டாரு.”

“பேயே இல்லம்மா! நான்தான் இங்க வந்துட்டேனே!”

“அப்படீங்களா? இன்னிக்குக் காலையிலயும் வந்துச்சுங்களே. நாலுன்னுச்சு.”

விசாலாட்சி என் கையைப் பிடித்தாள். நான் கைபேசியில் கோத்தகிரியின் அன்றைய குளிரைத் தேடிப் பார்த்தேன். நாலு.

வரிசையாக இறங்கி வந்த எண்ணை யார் வேண்டுமானாலும் ஊகித்துவிடலாம் என்றான் சேகர். ஒப்புக்கொண்டேன். ஆனால் அடுத்த வாரம் ரங்கம்மா “ஒம்பதுக்கு ஏறிருச்சுங்க” என்றார். அன்று ஒன்பதுதான். திரும்பிப் போய் அந்த வீட்டைக் கேட்கலாமா என்றேன். “வேணாங்க. நீங்க இங்க இருக்கும்போது அங்க நிக்கிறது யாருன்னு தெரியாம நான் வரமாட்டேன்” என்று விசாலாட்சி முடித்துவிட்டாள். பூஜ்யம் அந்த ஊருக்கு இதுவரை வந்ததில்லையாம். வீடு பூட்டியே கிடக்கிறது.

வீட்டில் எது தொலைந்தாலும், எங்கள் உறவில் இப்போது “மாமாவக் கேளு, அங்க இருக்கிறவரையும் சேத்துக் கேளு” என்கிறார்கள். கல்யாண வீடுகளில் என்னை அறிமுகப்படுத்தும்போது, கோத்தகிரியில் ஒன்று, காஞ்சிபுரத்தில் ஒன்று என்று இரண்டு விலாசம் சொல்கிறான் சேகர்.

ரங்கம்மா இப்போதும் போன் செய்கிறார். அவர் சொல்லும் எண்ணை நோட்டில் எழுதிக்கொள்கிறேன். இந்த மே மாதம், வெளியே கானல் கொதித்துக்கொண்டிருந்த ஒரு பகலில், சாத்திய அறைக்குள்ளிருந்து குரல் வந்தது.

“அங்க இன்னிக்கு எவ்ளோவாம்?”

“பதினாலு” என்றேன்.

எட்டிப் பார்த்தேன். இருட்டில் விசாலாட்சி கால்மாட்டில் கிடந்த போர்வையை எடுத்து, கழுத்துவரை இழுத்து மூடிக்கொண்டிருந்தாள்.