தோள் கொடுக்கும் ஆய்வாளர்

தோள் கொடுக்கும் ஆய்வாளர் என்றோர் இனம் உண்டு. நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். மனிதர்களைப் பற்றி எழுதினால் மட்டும் போதாது, அவர்கள் பக்கம் நிற்கவும் வேண்டும் என்பது இந்த இனத்தின் கட்சி.

நமக்குக் கிடைத்திருப்பவர் ஒரு மானுடவியல் பேராசிரியை. யார் யாரைக் காதலிக்கலாம், அதை வெளியே சொன்னால் யாருக்கு வேலை போகும், யாருக்கு வாடகை வீடு போகும், யாருக்கு ஒன்றுமே போகாது என்று வருடக்கணக்காக ஆராய்கிறவர். தையல் ஆலை விடுதி, லாரிப் பட்டறை, அழகு நிலையத்தின் பின்னறை என்று எங்கே போனாலும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, எதிரே இருப்பவர் யாரிடமும் சொல்லாததையெல்லாம் சொல்ல வைத்துவிடுவார். எதைக் கேட்டாலும் முகத்தில் சலனம் இருக்காது. அவ்வளவு பயிற்சி! அதே முகம் மேடையேறினால் சிவந்துவிடும். "நடுநிலைங்கிறது கோழைத்தனம்!" என்று மேசையைத் தட்டுவார். கைதட்டல் அடங்க நேரமாகும்.

இவருக்கு ஒரு தம்பி. ஏசி மெக்கானிக். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தான்.

"அக்கா, என்கூடத் தங்கியிருக்காரே அந்த டிரைவர், அவர் வெறும் ரூம்மேட் இல்லக்கா."

பேராசிரியையின் குரல் பஞ்சாக மிருதுவானது. "அத நீ எப்படா முதல்ல உணர்ந்த?"

"என்னக்கா, பேட்டி எடுக்கிறியா?"

"சேச்சே! சங்கடமா இருந்தா பதில் சொல்ல வேணாம்." கை என்னவோ பழக்கதோஷத்தில் போனில் ஒலிப்பதிவைத் தட்டிவிட்டிருந்தது. "பேர மாத்திடறேன், பயப்படாத."

"பேர மாத்திக்கிட்டு அம்மாகிட்ட எப்படிச் சொல்றது? சாயங்காலம் சொல்லப்போறேன். நீ பக்கத்துல வந்து உக்காரு. பேசக்கூட வேணாம்."

இங்கே கவனியுங்கள். ஆலை முதலாளியை எதிர்த்துத் தெருவில் கோஷம் போட்டவர் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார்.

"அம்மாவுக்கு பிபி இருக்கேடா... நான் ஒரு பக்கமாச் சாஞ்சா நல்லாருக்குமா? ரெண்டு தரப்பையும் கேக்கணும்ல?"

"மேடையில வேற மாதிரி சொன்ன?"

"அது மேடைடா!"

தம்பி சிரித்துவிட்டான். சாயங்காலம் தனியாகப் போய் அம்மாவிடம் சொன்னான். அம்மா முதலில் கேட்டது இதுதான்:

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

"தெரிஞ்சுமா உன்னத் தனியா அனுப்புனா? நான் என்ன, கடிச்சா தின்னுடுவேன்?"

அழுகையும் பேச்சும் அதற்குப் பிறகு நிறைய இருந்தன. அதில் பாதித் திட்டு மகளுக்கு.

சிரிக்கிறீர்களா? தாராளமாக. ஆனால் உங்களிடம் ஏதோ சொல்ல வந்து, உங்கள் முகத்தைப் பார்த்ததும் மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் போனவர் வீட்டில் யாராவது உண்டா? அப்படி யாருமே இல்லை என்று அடித்துச் சொல்லத் தோன்றுகிறதா?

பேராசிரியையும் அடித்துத்தான் சொல்வார்.