ரேடார் அண்ணன் அறிவித்த போர்

உலகத்துல எந்த நாடு எந்த நாட்டுக் கம்ப்யூட்டருக்குள்ள புகுந்தாலும், அந்தச் சேதி முதல்ல வந்து சேர்ற இடம் ஹாலிஎல பக்கத்துல, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான எங்க லயம்தான். கொண்டு வர்றவர் ஆட்டோ ஓட்டுற ரேடார் அண்ணன். அவரோட சொந்தப் பேரு அவருக்கே மறந்து போயிருக்கும்.

ஆட்டோவுல ஏறுன ஆளு இறங்குறதுக்குள்ள ரெண்டு வல்லரசை மோத விட்டுருவார்.

"அவன் கரண்டை நிப்பாட்டிட்டான். இவன் சும்மா இருப்பானா? பேங்கைப் புடிப்பான். அடுத்த அடி சிக்னலுக்கு. அது இங்க வரைக்கும் வரும், பாத்துக்க."

"இங்க எதுக்குண்ணே வரணும்?"

"ரெண்டு பேரும் குடிக்கிறது நம்ம தேயிலை. அதை நிறுத்துனா எவன் முழிச்சிருந்து சண்டை போடுவான்?"

அவர் சம்சாரம் ராசாத்தி அக்கா உள்ள இருந்து கத்துவாங்க: "மொதல்ல நம்ம கூரை ஒழுகுதே, அதுக்குப் பதிலடி குடுய்யா!"

கூரை மட்டுமா? லயத்துக்குப் பின்னால மண்மேடே வெடிச்சுப் பொளந்து கிடந்துச்சு. ஆபீசருங்க வந்து புது வீடு வரும் வரும்னாங்க. அது வர்ற வரைக்கும், மழை கடுமையானா போனுக்கு எச்சரிக்கை வரும், ஓடிருங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

அண்ணன் வேற திட்டம் வச்சிருந்தார். சிக்னல் செத்தா அவர் தப்பு மேளம் அடிப்பார். எல்லாரும், தினம் காலையில வேலைக்குப் பேர் குடுக்க நிக்கிற ஃபேக்டரி பக்கத்துப் பெரட்டுக் களத்துக்கு வந்துரணும். ஆளை எண்ணிப் பாத்தாத்தான் யாரை ஹேக் பண்ணிட்டான்னு தெரியுமாம். கேட்டு நாங்க வயிறு வலிக்கச் சிரிச்சோம்.

ஒரு லீவு நாளு, கொட்டுற மழை. சோறு வடிக்கிற நேரத்துல கரண்டு போச்சு. கொஞ்ச நேரத்துல சிக்னலும் போச்சு.

"ஆரம்பிச்சிட்டான்! பெரட்டு! பெரட்டு!"

தப்புச் சத்தம் லயம் பூரா அதிருது. லீவுன்னு புத்திக்குத் தெரியுது, காலுக்குத் தெரியலையே! பாட்டன் காலத்துல இருந்து பெரட்டுக்கு நடந்த காலு. நான் கொழுந்துப் பையைக்கூட மாட்டிக்கிட்டுப் போய் நின்னேன். திட்டிக்கிட்டே மொத்த லயமும் வந்துருச்சு.

ராசாத்தி அக்காவைத் தவிர.

எண்ணிப் பாத்த அண்ணனுக்கு முகம் வெளுத்துப் போச்சு. திரும்ப ஓடினார். "ஒன்னைய ஹேக் பண்ணிருவாண்டி!"ன்னு அலறிக்கிட்டே கையைப் புடிச்சு இழுத்துட்டு வந்தார். அக்கா இன்னொரு கையில இருந்த அகப்பையால அவர் முதுகுல போட்டுக்கிட்டே வந்தாங்க.

அவங்க களத்துல கால் வைக்கவும் பின்னால பெரிய சத்தம். மேடு அப்படியே இறங்கி எங்க லயத்து மேல உக்காந்துருச்சு.

அண்ணன் தப்பைக் கட்டிப் புடிச்சிக்கிட்டு எங்களை மறுபடி தலை எண்ண ஆரம்பிச்சார்.

மழை விட்டதும் ஒரு ஆபீசர் வந்தார். "சிக்னலே இல்லையே, எச்சரிக்கை வந்திருக்காதே. எப்படித் தெரிஞ்சு வெளிய வந்தீங்க?"

அண்ணன் தலையைக் குனிஞ்சுக்கிட்டார். கரண்டும் சிக்னலும் போனது மழையாலதான், எவனோட தாக்குதலும் இல்லைன்னு அவருக்கும் அந்நேரம் விளங்கிருச்சு போல. எங்க உசுரக் காப்பாத்துன மனுசன் அப்படிக் கூனிப்போய் நிக்கிறதைப் பாக்க எங்களுக்குத் தாங்கல.

ராசாத்தி அக்கா அகப்பையோட முன்னால வந்தாங்க. "சைபர் தாக்குதலுங்க சார். எங்க வீட்டுக்காரரு அப்பவே சொன்னாரு."

ஆபீசர் எங்களைப் பாத்தார்.

"ஆமாங்க சார்"னோம், மொத்த லயமும்.