படிவத்தில் அப்பாவைப் பற்றி ஒரு கேள்வி

கிளீவ்லாந்து,
ஜனவரி 12

அன்புள்ள மார்லீன் அக்காவுக்கு,

உன் தம்பி லென் எழுதுவது. இங்கே ஜூடித்தும் கோராவும் சுகம். என்னை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை, காரணம் கீழே வருகிறது. அங்கே அத்தானின் இடுப்பு வலி குறைந்திருக்கும், பஃபலோ பனி உங்கள் கூரையை விட்டுவைத்திருக்கும் என்று நம்புகிறேன்.

இருபது வருடம் பள்ளி அலுவலகத்தில் இருந்தவள் நீ, உன்னிடம்தான் கேட்க முடியும். கோரா ஒன்பதாம் வகுப்புக்கு அந்தத் தனியார் பள்ளியில் விண்ணப்பித்திருக்கிறாள். போன கோடையில் இரண்டு வாரம் அங்கே கணக்கு வகுப்புக்குப் போனாளே, வீட்டில் வாயே திறக்காத பெண் அந்த இரண்டு வாரமும் சாப்பாட்டு மேஜையில் ஓயாமல் பேசினாள். அந்தப் பேச்சை மறுபடி கேட்க வேண்டும், எனக்கு வேறு ஆசை இல்லை. அதற்கு அவள் இப்போது படிக்கும் பள்ளியின் கணக்கு ஆசிரியை மிஸஸ் கிம்பிள் பரிந்துரைக் கடிதம் தர வேண்டும். நேரே அந்தத் தனியார் பள்ளிக்கே அனுப்புவார், நாங்கள் கேட்டுப் பார்க்க மாட்டோம் என்று கையெழுத்தும் போட்டாயிற்று. பெண் தங்கம், அதனால் அன்று எனக்குப் பயமில்லை.

பயம் டிசம்பரில் வந்தது. என்னோடு லிஃப்ட் ஆய்வுக்கு வரும் டரெலின் மனைவியும் ஆசிரியைதான். "பரிந்துரைப் படிவத்துல பொண்ணப் பத்தி மட்டுமா கேக்கறான்? பெத்தவங்க எப்படின்னும் ஒரு கேள்வி இருக்குப்பா. ஒத்துழைப்பாங்க, பரவாயில்ல, தொந்தரவுன்னு மூணு கட்டம். டிக் போட்டா முடிஞ்சுது" என்று டரெல் சொன்னான். அக்கா, செப்டம்பரில் கோரா எண்பத்தெட்டு வாங்கியதற்கு மிஸஸ் கிம்பிளுக்கு ஒன்பது மின்னஞ்சல் அனுப்பியவன் நான். ஒன்பதாவதில் மதிப்பெண் வரைபடம் வேறு.

சரி, நல்ல பெயர் வாங்கிவிடுவோம் என்று ஆப்பிள் பை பலகாரம் கொண்டுபோனேன். "நான் கடிதம் எழுதற பிள்ளைங்க வீட்டுலேர்ந்து எதுவும் வாங்கறதில்ல, மிஸ்டர் நோவாட்னி" என்று திருப்பிக் கொடுத்தார். அடுத்த சனிக்கிழமை பனி கொட்டியது, அவர் வீட்டு வாசலை நானே போய் வாரிக் கொடுத்தேன். கதவைப் பாதி திறந்து, "என் வீடு இங்கதான்னு உங்களுக்கு யார் சொன்னா?" என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை, நானே தேடிக் கண்டுபிடித்தது. இதைச் சரிக்கட்டத்தான் நேற்று மன்னிப்புக் கேட்கக் கோராவின் பள்ளிக்குப் போனேன், மூன்றாவது மாடி, லிஃப்டில் ஏறினேன், ஏறியதும் கை தானாகக் கதவு ஓரத்தைத் தடவிப் பார்த்தது, சான்றிதழ் காலாவதியாகி நாலு மாதம், பிரேக்கும் சரியில்லை, பார்த்த பிறகு எப்படி விடுவது, 'ஓட்டக் கூடாது' என்ற சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டு லிஃப்டை மூடிவிட்டேன். நிமிர்ந்தால் எதிரே மிஸஸ் கிம்பிள், கையில் ஊன்றுகோல். போன மாதம்தான் முழங்காலில் அறுவை சிகிச்சையாம்.

"நான் எப்படி மேல போறது?"

"படியிருக்கு டீச்சர். இது என் கடமை டீச்சர், தப்பா நினைக்காதீங்க."

அவர் ஒவ்வொரு படியாக ஏறினார். கூடவே போகவா வேண்டாமா என்று தெரியாமல் கீழேயே நின்றேன்.

கடைசித் தேதி ஜனவரி முப்பத்தொன்று. என்னால் என் பெண்ணின் வாய்ப்பு கெட்டுப்போகக் கூடாது அக்கா. வேறு ஆசிரியரை எழுதச் சொல்லலாமா, அந்தக் கேள்வியைக் காலியாக விடச் சொல்லிக் கேட்கலாமா, உடனே எழுது. ஜூடித்துக்கு இதில் எதுவும் தெரியாது.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி, எங்களுக்கு உன் பிரார்த்தனை.

உன் தம்பி,
லென்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது மிஸஸ் கிம்பிளின் மின்னஞ்சல் வந்தது. படிவத்தை நவம்பரிலேயே அனுப்பிவிட்டாராம். என்னைப் பற்றிய கேள்விக்கு முதல் கட்டத்தில் டிக் போட்டு, 'மகளின் படிப்பில் அக்கறையுள்ள தந்தை, அடிக்கடி எழுதுவார்' என்று நல்லவிதமாகவே சொல்லியிருந்தாராம். இந்த மூன்று வாரத்தில் பார்த்ததற்குப் பிறகு அது அவர் மனதை உறுத்துகிறதாம், திங்கட்கிழமை அந்தப் பள்ளிக்குப் போன் செய்து திருத்தப் போகிறாராம். 'பார்த்த பிறகு விட முடியாது, ஆய்வாளரான உங்களுக்கு இது புரியும்' என்று முடித்திருக்கிறார். நன்றாகவே புரிகிறது அக்கா. கோராவிடம் யார் சொல்வது?