முருங்கைக்காய் லாரிக்கு ஒரு பில்

ஒரு பில் எடுக்க எம்புட்டு நேரம் ஆகும்னு நினைக்கிறீங்க? எனக்கு ஒரு காலைப்பொழுது முழுசா ஆச்சு!

ஒட்டன்சத்திரத்துல ஒரு காய்கறி மண்டியில நான் பில் போடுறேன். ஆயுத பூஜைக்கு மறுநாள். முருங்கைக்காய் ஏத்தின லாரி கேரளாவுக்குக் கிளம்பி வாசல்ல நிக்குது. எங்க கம்ப்யூட்டர் பில் இல்லாம அங்க சரக்கை இறக்க விடமாட்டாங்க. வெயில் ஏற ஏற காய் வாடும்.

கம்ப்யூட்டரைப் போட்டேன். டாம்கேட்னு ஒரு ஜாவா சர்வர் இருக்கு. அது ஓடினாத்தான் பில் பக்கம் திறக்கும். ஸ்டார்ட் கொடுத்தேன். சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்கு.

சுத்தினா என்ன செய்வோம்? இன்னொரு தடவை ஸ்டார்ட் கொடுப்போம். கொடுத்தேன். '8080 போர்ட்டுல ஏற்கெனவே ஆள் இருக்கு'ன்னு திட்டுச்சு. அந்த ஆள், நானே மொத தடவை கிளப்பி விட்ட சர்வர்தான். அப்ப எனக்கு அது எங்க தெரிஞ்சுச்சு!

பஸ்ல ஒரு சீட்டுல துண்டு கிடந்தா அடுத்த சீட்டுக்குப் போறதில்லையா? அதே யோசனைதான். செட்டிங் ஃபைலைத் திறந்து 8080-ஐ 8081 ஆக்கினேன். அந்த வேகத்துல பக்கத்துல இருந்த மேற்கோள் குறியையும் சேர்த்து அழிச்சிட்டேன். எம் மவன் வீட்டுப்பாடத்துல ஒரு புள்ளி விட்டாலே தலையில கொட்டுறவ நான்.

இப்ப சர்வர் எந்திரிக்கவே மாட்டேங்குது.

லாரி டிரைவர் எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, பில்லு வருதுங்களா? இல்ல, காய நீங்களே சாம்பார் வெச்சுக்கறீங்களா?"

"செத்த நேரம் பொறுங்கண்ணே!"

இந்த சாஃப்ட்வேரைப் பண்ணிக் கொடுத்த கார்த்தி திண்டுக்கல்ல இருக்கான். போன் போட்டேன்.

"அக்கா, எதையாவது தொட்டீங்களா?"

"ஒண்ணையும் தொடல தம்பி."

"சரி, தொட்டதை மட்டும் சொல்லுங்க."

சொன்னேன். ஒண்ணொண்ணா சரிபண்ண வச்சான். பக்கம் திறந்துச்சு! கை தட்டினேன். வெளிய டிரைவரும் தட்டினார்.

பில் நம்பரைப் போட்டேன். 'டேட்டாபேஸ் கனெக்‌ஷன் கிடைக்கல'ன்னு வந்துச்சு. தட்டின கையைத் தலையில வச்சுக்கிட்டேன்.

"அக்கா, கணக்கெல்லாம் சேமிக்கிறது அந்தப் பழைய லேப்டாப்புலதானே? அதுக்குப் போற ஒயர் மாட்டியிருக்கா?"

"இந்தப் பக்கம் நல்லா மாட்டியிருக்கு."

"அந்தப் பக்கம்?"

மேசைக்கு அடியில குனிஞ்சு ஒயரைப் பிடிச்சுக்கிட்டே போனேன். அந்த முனை தரையில அநாதையா கிடந்துச்சு.

"லேப்டாப் எங்கக்கா?"

மெதுவா நிமிர்ந்து சாமி படத்தைப் பார்த்தேன். தராசுக்கும் பழத்தட்டுக்கும் நடுவுல, சந்தனம் குங்குமத்தோட, செவ்வந்தி மாலை போட்டு, மேல பொரியோட ஜம்முனு இருந்துச்சு. வச்சது யாரு? நான்தான்! வருஷம் பூரா நல்லா ஓடணும்னு வேண்டிக்கிட்டு நேத்து நானே என் கையால வச்சேன்.

ஓடிப்போய் எடுக்கப் போனேன்.

"ஏ அம்முணி! மறுபூஜை ஆகாம எடுக்கக் கூடாது. சாயங்காலந்தான் நேரம்." முதலாளியம்மா குறுக்க வந்துட்டாங்க.

"அம்மா, லாரி நிக்குதுங்கம்மா…"

"லாரிக்குத்தான் நேத்தே பூசணிக்கா ஒடைச்சாச்சே, அதெல்லாம் போகும்."

"எடுக்கலைங்கம்மா. வச்ச இடத்துலயே தொறந்துக்கிறேன்."

கொஞ்சம் யோசிச்சாங்க. "பொரி சிந்தாமத் தொற."

நீள ஒயர் ஒண்ணு தேடி லேப்டாப் வரைக்கும் இழுத்தேன். சீரியல் லைட்டைக் கழட்டிட்டு அந்த பிளக்குல கரண்டு கொடுத்தேன். முதலாளியம்மா, "இரு அம்முணி, ஒரு சூடம் ஏத்திக்கறேன்"னு சத்தமாச் சொல்லிக்கிட்டே கையோட ஏத்தினாங்க. பிரிண்டர் கர்ருன்னு பில்லைத் துப்புச்சு. டிரைவர் அதைப் பிடுங்கிக்கிட்டு ஓட, லாரி கிளம்பிருச்சு!

கார்த்தி இன்னும் லைன்லதான் இருந்தான். திட்டப் போறான்னு போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடிச்சேன்.

"அக்கா, அந்தச் சூடம் எரியுதா?"

"எரியுது தம்பி. ஏன்?"

"பழனியில ஒரு கடைக்கு ரெண்டு நாளா கனெக்‌ஷன் வரல. நானும் எல்லாம் பார்த்துட்டேன். அவங்க சர்வர் பேருக்கும் ஒரு சுத்து காட்டுங்கக்கா, ப்ளீஸ்."